சிவப்பு எரிந்தால் வண்டியை நிறுத்துங்கள், தயவுசெய்து

போன வாரம் ஒரு ஜெர்மன் செடான் ஃப்ளாட்பெட் டோயிங் லாரியில் ஏறி எங்கள் ஒர்க்ஷாப்புக்கு வந்தது. கீழே இறக்கி, இன்ஜின் கையால் சுற்றுகிறதா என்று கிராங்க் புல்லியில் ராடு மாட்டித் திருப்பிப் பார்த்தோம். இரண்டு பேர் சேர்ந்து அழுத்தியும் ஒரு நூல்கூட அசையவில்லை. இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கிற சேம்பரைக் கழற்றினால் உள்ளே அரை லிட்டர் ஆயில்கூட இல்லை, அந்தக் கொஞ்ச ஆயிலிலும் பேரிங் தூள் ஜிகினாப் பொடி மாதிரி மின்னுகிறது. இந்த வருஷத்தில் இப்படி வந்த மூன்றாவது இன்ஜின் இது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். சென்னை ஈசிஆரில் கானத்தூர் பக்கம், இரவு நேரம், வெள்ளைக் கோடு போடாத ஸ்பீட் பிரேக்கர், சேம்பர் அடி வாங்கியிருக்கிறது. கொஞ்ச தூரம் வந்ததும் மீட்டரில் சிவப்பாக ஆயில் கேன் படம், கூடவே ஆங்கிலத்தில் இரண்டு வரி, ஒரு மணிச் சத்தம். டிரைவர் அண்ணனுக்கு ஐம்பது வயதுக்கு மேல், முப்பது வருஷ சர்வீஸ். பின்சீட்டில் இருந்த ஓனரிடம் சொல்லியிருக்கிறார். "சென்சார் ப்ராப்ளமா இருக்கும், காலைல காட்டிக்கலாம், நீ போ" என்று பதில். நீலாங்கரை வந்து சேர்வதற்குள் வண்டி நின்றுவிட்டது. மொத்தம் பத்து கிலோமீட்டர் இருக்கும்.

"வண்டி நல்லாத்தான் ஓடுச்சு தம்பி, சத்தம்கூட வரலையே" என்று அந்த அண்ணன் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. இந்த வண்டிகளில் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியில் உட்கார்ந்தால் இன்ஜின் சத்தம் காதில் விழாது, விழக்கூடாது என்பதற்காகத்தான் அத்தனை பஞ்சும் ரப்பரும் வைத்துச் செய்கிறார்கள். பழைய அம்பாசிடர் ஓட்டியவருக்குக் காதுதான் மீட்டர். இங்கே காதை நம்ப முடியாது, அதற்குப் பதிலாக வைத்திருப்பதுதான் அந்தச் சிவப்பு விளக்கு.

இந்த "சென்சார் ப்ராப்ளம்" என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு வயிறு எரிகிறது. எந்த விளக்கு எரிந்தாலும், எந்த மெசேஜ் வந்தாலும், மெக்கானிக் பார்ப்பதற்கு முன்பே சென்சார்தான் என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். இது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். சென்சார் கெட்டுப்போவது உண்மைதான். வீல் ஸ்பீடு சென்சார் போகும், பார்க்கிங் சென்சார் மழையில் மக்கர் பண்ணும், பேஸ்மென்ட்டில் நிறுத்திய வண்டியில் எலி ஒயரைக் கடித்து வைக்கும் (எங்களிடம் மாதம் இரண்டு வண்டியாவது எலிக்கடியோடு வரும்). அப்படி ஒரு தடவை மஞ்சள் விளக்கு எரிந்து, ஒன்றும் ஆகாமல் வீடு போய்ச் சேர்ந்தவர், அடுத்த தடவை சிவப்புக்கும் அதே கணக்கைப் போடுகிறார்.

ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தால் கோளாறு சென்சாரிலா இன்ஜினிலா என்று நான் எப்படிக் கண்டுபிடிக்கிறேன் தெரியுமா? சென்சாரைக் கழற்றி, அந்த இடத்தில் பிரஷர் கேஜ் மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு எத்தனை பார் அழுத்தம் காட்டுகிறது என்று அளக்கிறேன். 22 வருஷமாக இதே வேலையில் இருக்கிற என்னாலேயே கேஜ் இல்லாமல் சொல்ல முடியாது. பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு உங்களால் எப்படிச் சார் சொல்ல முடிகிறது? சரி, சென்சார்தான் என்றே வைத்துக்கொள்வோம். வண்டியை நிறுத்தி ஃப்ளாட்பெட் கூப்பிட்டால் போவது சில ஆயிரம் ரூபாய், இரண்டு மணி நேரம். சென்சாராக இல்லாவிட்டால் போவது இன்ஜின், அதற்குப் பல லட்சம். இந்தக் கணக்குக்கு மெக்கானிக் தேவையில்லை.

இன்னொரு குழப்பம், ஆயில் அளவும் ஆயில் பிரஷரும் ஒன்று என்று நினைப்பது. படம் கிட்டத்தட்ட ஒன்றேதான், அதே கேன்தான். மஞ்சளில் வந்தால் ஆயில் குறைந்திருக்கிறது, சீக்கிரம் ஊற்று என்று அர்த்தம். மெசேஜில் எவ்வளவு என்று சொல்லியிருந்தால் அவ்வளவுதான் ஊற்ற வேண்டும், கூடுதலாக ஊற்றினாலும் கெடுதல். சிவப்பில் வந்தால் ஆயில் இன்ஜினுக்குள் போய்ச் சேரவில்லை. அங்கே அடுத்த பெட்ரோல் பங்க் வரை என்ற பேச்சே இல்லை, ஓரம் கட்டி இன்ஜினை அணைக்க வேண்டும், மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. இப்போது வருகிற பல இன்ஜின்களில் டிப்ஸ்டிக் கிடையாது, ஆயில் எவ்வளவு இருக்கிறது என்பதைத் திரையில்தான் பார்க்க முடியும். பானெட்டைத் திறந்து குச்சியைத் தேடுகிறவர்கள் தயவுசெய்து அந்த மெனு எங்கே இருக்கிறது என்று ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நிறம் ஒன்றும் கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதில்லை. ஐஎஸ்ஓ 2575 என்று உலகம் முழுக்க ஒரே தரநிலை இருக்கிறது. சிவப்பு ஆபத்து, மஞ்சள் எச்சரிக்கை, பச்சை என்றால் ஏதோ ஒன்று ஆன் ஆகியிருக்கிறது, நீலம் ஹை பீம். ஆங்கிலம் படிக்கத் தெரியாவிட்டாலும் நிறம் தெரியும் அல்லவா? ஆயில் பிரஷர், கூலன்ட் சூடு, பிரேக், ஸ்டியரிங், இவற்றில் எது சிவப்பானாலும் பாதுகாப்பான ஓரமாகப் பார்த்து நிறுத்துங்கள். சூடு ஏறியதென்றால் உடனே கூலன்ட் மூடியைத் திறக்காதீர்கள், முகம் வெந்துபோகும். மஞ்சளில் ஒன்றே ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். இன்ஜின் படம் போட்ட விளக்கு நிலையாக எரிந்தால் சீக்கிரம் காட்டினால் போதும், ஆனால் விட்டுவிட்டு மின்னினால் மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை, அப்போதும் ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே போனால் புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போய்விடும்.

அப்புறம், லைட்டை மட்டும் அழித்துக் கொடுங்கள் என்று வருகிறவர்கள். ஸ்கேனரில் கோளாறுக் குறியீட்டை (எரர் கோட்) அழிப்பது எனக்கு அரை நிமிட வேலை. அழிக்க மாட்டேன். காய்ச்சல்காரன் தெர்மாமீட்டரை உதறிவிட்டால் காய்ச்சல் போய்விடுமா? பிரேக் பேட் மெசேஜுக்கும் இதேதான். பேட் தேய்ந்து, அதற்குள் இருக்கிற சின்ன ஒயர் டிஸ்க்கில் உரசி அறுந்த பிறகுதான் பல வண்டிகளில் அந்த மெசேஜே வருகிறது. பேடும் மாற்றி, ஒயரும் மாற்றினால்தான் போகும்.

ஓனர்களிடம் மனசு விட்டு ஒன்று கேட்க வேண்டும். வந்த மூன்று வண்டிகளிலும் டிரைவர் சிவப்பைப் பார்த்திருக்கிறார். மூன்று பேருக்கும் ஏதோ சரியில்லை என்று தெரிந்திருக்கிறது. நிறுத்த பயம். நடுரோட்டில் நிறுத்தினால் சார் திட்டுவார், ஃப்ளைட்டுக்கு நேரமாகும், கல்யாண வீட்டுக்கு மேடம் போக வேண்டும், உனக்கு வண்டி ஓட்டவே தெரியாதா என்பார்கள். 80 லட்ச ரூபாய் வண்டியைக் கையில் கொடுத்துவிட்டு அதை நிறுத்துகிற உரிமையைக் கொடுக்காமல் வைத்திருக்கிறோம். டெலிவரி அன்று ஷோரூமில் கேக் வெட்டுகிற நேரத்தில் எல்லா பட்டனையும் ஓனருக்குத்தான் காட்டுகிறார்கள், ஓட்டப்போகிறவர் வெளியே பூசணிக்காயோடு நிற்கிறார். "சிவப்பு எரிஞ்சா என்கிட்ட கேக்காம நிறுத்துங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று இன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள். அப்படி நிறுத்தி, அது வெறும் சென்சாராக இருந்துவிட்டால், அன்றைக்கும் திட்டாதீர்கள்.

அன்றைக்கு மட்டும் வருகிற ஆக்டிங் டிரைவரைக் கூப்பிடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மாருதி, ஹூண்டாய் ஓட்டிப் பழகியவருக்கு இண்டிகேட்டர் ஸ்டியரிங்கின் வலது பக்கம். மெர்சிடிஸ் கார்கள் பலவற்றில் வலது பக்கம் இருக்கிற அந்தக் குச்சிதான் கியர், இண்டிகேட்டரும் வைப்பரும் சேர்ந்து இடது பக்கம். இடப்பக்கம் திரும்பப் பழக்கதோஷத்தில் வலது குச்சியை மேலே தட்டினால் கியர் நியூட்ரலுக்குப் போய்விடும். கத்திப்பாரா மேம்பாலத்தில் பின்னால் பஸ் வரும்போது வண்டி உறுமும், நகராது. சாவியைக் கொடுப்பதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தெரு சுற்றி வாருங்கள், ஐந்து நிமிஷம் போதும்.

எலக்ட்ரானிக் கியர் லீவர்கள் பலவும் தள்ளிய இடத்தில் நிற்காமல் நடுவுக்கே திரும்பி வந்துவிடும், அதனால் கையை வைத்துப் பார்த்து எந்த கியர் என்று சொல்ல முடியாது. 2016 ஜூனில் ஹாலிவுட் நடிகர் ஆன்டன் யெல்சின், தன் வீட்டுச் சரிவுப் பாதையில் நிறுத்திய ஜீப் கிராண்ட் செரோகி பின்னால் உருண்டு வந்து தூணோடு சேர்த்து நசுக்கியதில் இறந்துபோனார். வண்டியை நகரவிடாமல் பூட்டுகிற பார்க் கியரில் போட்டுவிட்டதாக நினைத்து இறங்கிவிடுகிறார்கள் என்பதற்காக, இந்த ரக லீவர் உள்ள சுமார் 11 லட்சம் வண்டிகளை அந்த நிறுவனம் அதே வருஷம் ஏப்ரலில்தான் திரும்ப அழைத்திருந்தது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலும் ஆட்டோ ஹோல்டு வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, பார்க்கில் இருக்கிறது என்று எண்ணிக் கதவைத் திறக்கிறவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். மீட்டரில் பார்க் என்பதற்கான P எழுத்தைக் கண்ணால் பார்த்த பிறகே பிரேக்கிலிருந்து காலை எடுங்கள். வீட்டு வாசலில் குழந்தைகள் நிற்பார்கள்.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். காற்று போன பிறகும் கொஞ்ச தூரம் ஓடக்கூடிய ரன்-ஃப்ளாட் டயர் வண்டியில் பெரும்பாலும் ஸ்டெப்னி கிடையாது, காற்று போனாலும் டயர் சப்பையாகத் தெரியாது. மெசேஜ் வந்தால் 80 கி.மீ. வேகத்துக்கு மேல் போகாதீர்கள், அதிகபட்சம் 80 கி.மீ. தூரம்தான், ஆள் நிறைய இருந்தால் அதுவும் வராது. பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டிகள் பலவற்றில், புகையைச் சுத்தம் செய்யத் தனி டேங்கில் ஊற்றுகிற ஆட்புளூ திரவம் குறைகிறது என்று நிறைய தூரம் பாக்கி இருக்கும்போதே சொல்லிவிடும். அலட்சியம் செய்து அது காலியான பிறகு வண்டியை அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது, கோளாறு இல்லை, சட்டப்படி அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அதில் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஆட்புளூவைத் தவறிப்போய் டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் சாவியையே தொடாமல் போன் செய்யுங்கள்.

வெள்ளத்தில் சிக்கிக்கொண்டால் ஆட்டோ ஸ்டார்ட்-ஸ்டாப்பை அணைத்து வையுங்கள், தண்ணீருக்குள் அணைந்து தானாகவே ஸ்டார்ட் ஆகிற வேலை வேண்டாம். நின்றுபோன வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் இன்ஜின் போன வண்டிகளில் பல, தண்ணீர் வடிந்த பிறகு "ஒரு தடவை பார்க்கலாம்" என்று பட்டனை அழுத்தியதால் போனவை. இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் காப்பீடு போடாத சாதாரண இன்சூரன்ஸ் பாலிசியில் இதற்குப் பெரும்பாலும் பணம் வராது.

மெசேஜ் வந்ததும் போனில் ஒரு போட்டோ எடுங்கள், இன்ஜின் ஓடாத நிலையில், வண்டியை ஓரம் கட்டிய பிறகு. சில நொடியில் மறைந்துவிட்டாலும் பரவாயில்லை, பெரும்பாலான வண்டிகளில் மெனுவுக்குள் சேமித்து வைத்திருக்கும், அங்கே போய் எடுங்கள். அதை எனக்கு, அல்லது நீங்கள் வழக்கமாகக் காட்டுகிறவருக்கு அனுப்புங்கள். ராத்திரி பதினொரு மணியானாலும் பார்த்துச் சொல்கிறேன். ரோட்சைடு அசிஸ்டன்ஸ் நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதி டிரைவர் பக்க சன் வைசருக்குப் பின்னால் ஒட்டிவிடுங்கள், ஓனர் போனில் மட்டும் இருந்தால் போதாது.