கண்ணை மூடினாலும் மறையாத மின்னல்

"படித்துக்கொண்டிருக்கும்போது எழுத்துகள் நடுவில் காணாமல் போகின்றன. கொஞ்ச நேரத்தில் ரம்பப் பல் மாதிரி ஒரு வளைவு மின்ன ஆரம்பித்து, பெரிதாகிக்கொண்டே ஓரத்துக்குப் போய் மறைகிறது. கண் டாக்டர் கண்ணில் ஒன்றுமில்லை என்கிறார். கண்ணை மூடினாலும் தெரிகிறதே, இது என்ன?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

அடுத்த முறை வரும்போது ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். வலது கண்ணைக் கையால் பொத்துங்கள். பிறகு இடது கண்ணை. எந்தக் கண்ணால் பார்த்தாலும் அந்த வளைவு பார்வையின் அதே பக்கத்தில் தெரிந்தால், கோளாறு கண்ணில் இல்லை. இரண்டு கண்களின் செய்தியும் ஒன்றுசேரும் இடத்துக்குப் பின்னால், அதாவது மூளையில் இருக்கிறது. பெரும்பாலும் இது ஒற்றைத் தலைவலியின் முன்னறிகுறி. மருத்துவர்கள் ஆரா என்பார்கள். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இது வரும். சிலருக்கு, குறிப்பாக வயது ஏறிய பிறகு, தலைவலியே இல்லாமல் ஆரா மட்டும் வந்து போவதும் உண்டு.

எனக்கும் வரும். முதல் தடவை வந்தது ஒரு புத்தகப் பக்கத்தின் நடுவில். 'மரம்' என்ற சொல்லில் 'ர' இல்லை. அந்த இடம் கறுப்பாகவும் இல்லை, வெள்ளையாகவும் இல்லை. அங்கே ஒன்றுமே இல்லை, அவ்வளவுதான். கண்ணைச் சற்று நகர்த்தினால் 'ர' திரும்பி வந்தது, பக்கத்து எழுத்து போனது. பார்வை போகப்போகிறது என்று நினைத்துப் பயந்து உட்கார்ந்திருந்தேன். அரைமணி நேரத்தில் எல்லாம் தெளிந்துவிட்டது. அதன் பிறகுதான் தலை இடிக்க ஆரம்பித்தது.

அந்த அரைமணி நேரத்தில் உள்ளே நடப்பதை முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தவர் கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க உளவியலாளர். அவருக்கும் ஆரா வரும். வரும்போதெல்லாம் தாளில் ஒரு புள்ளியை வைத்து, அதையே உற்றுப் பார்த்தபடி, மின்னும் வளைவு எங்கே இருக்கிறது என்று சில நிமிடத்துக்கு ஒரு முறை வரைந்துகொண்டார். நாம் பார்க்கும் காட்சியின் ஒவ்வொரு பகுதிக்கும் மூளையின் பின்பக்கப் பார்வைப் புறணியில் (பார்வையைக் கவனிக்கும் மேலடுக்கில்) ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, ஏதோ நிலப்படம் போல. தான் வரைந்த வளைவுகளை அந்தப் படத்தின் மேல் பொருத்திப் பார்த்து, 1941இல் ஒரு விடை சொன்னார்: மூளையின் மேற்பரப்பில் ஏதோ ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போகிறது.

நரம்புச் செய்திகள் நொடிக்குப் பல மீட்டர் ஓடக்கூடியவை. இதுவோ, 3 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு நிமிட முள்ளின் நுனி நகருமே, அந்த வேகம். மூளைக்குள் இவ்வளவு மெதுவாக எது நகரும்?

மூன்றே ஆண்டுகளில் விடை கிடைத்தது, அதுவும் தேடாத இடத்தில். பிரேசிலைச் சேர்ந்த அரிஸ்டிடிஸ் லியாவ் வலிப்பு நோயைப் பற்றி ஆராய ஹார்வர்டுக்கு வந்திருந்தவர். முயலின் மூளைப் புறணியை மின்சாரத்தால் தூண்டினார். வலிப்புக்குரிய மின் கொந்தளிப்பை எதிர்பார்த்த இடத்தில் அமைதிதான் தெரிந்தது. தூண்டிய இடத்திலிருந்து அந்த அமைதி நாலாபக்கமும் மெல்லப் பரவியது, நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில். 1944இல் இதை வெளியிட்டார். லாஷ்லியின் கணக்கும் லியாவின் அலையும் ஒன்றுதானோ என்று பின்னால் வந்தவர்கள் சேர்த்துப் பார்த்தார்கள். 2001இல், ஆரா வந்துகொண்டிருந்த ஒருவரின் மூளையையே எம்.ஆர்.ஐ. கருவியில் பார்த்தபோது அதே மாதிரி ஓர் அலை தெரிந்தது. வேகம் நிமிடத்துக்குச் சுமார் 3.5 மில்லிமீட்டர். தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு லாஷ்லி எவ்வளவு நெருங்கி வந்திருக்கிறார் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கிறது.

அலை மெதுவாகப் போவதற்குக் காரணம், அது நரம்பு இழை வழியாக ஓடாமல் ரசாயனமாகக் கசிந்து பரவுவதுதான். ஒரு பகுதியின் நரம்பணுக்கள் எல்லாம் ஒரேயடியாகத் தூண்டப்படும்போது அவற்றிலிருந்து பொட்டாசியமும், அணுக்களைத் தூண்டும் குளூட்டமேட் என்ற ரசாயனமும் வெளியே கொட்டுகின்றன. அவை பக்கத்து அணுக்களிடம் கசிந்து போய் அவற்றையும் தூண்டிவிடுகின்றன. அவையும் கொட்டுகின்றன. கொட்டித் தீர்த்த அணுக்கள் பழைய நிலைக்குத் திரும்பச் சில நிமிடம் ஆகும். அதுவரை அவை பேசுவதில்லை. ஆக, அலையின் முன்விளிம்பில் கொந்தளிப்பு, அதற்குப் பின்னால் மௌனம். நாம் பார்ப்பதும் அதையேதான். மின்னும் விளிம்பு முன்னே போகிறது. எழுத்துகளை விழுங்கிய வெறுமை பின்னே வருகிறது.

சரி, ஏன் ரம்பப் பல்? பார்வைப் புறணியின் அணுக்கள் பல, குறிப்பிட்ட சாய்வுள்ள கோடுகளுக்கு மட்டுமே பதில் சொல்பவை. ஒன்று செங்குத்தான கோட்டுக்கு, பக்கத்தில் இருப்பது சற்றுச் சாய்ந்த கோட்டுக்கு. இதைக் கண்டறிந்ததற்காக ஹியூபல், வீசல் என்ற இரு ஆய்வாளர்களும் 1981இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். அலையின் விளிம்பு இந்த அணுக்களை வரிசையாகத் தட்டியெழுப்பும்போது, வெளியே கோடே இல்லாவிட்டாலும் மூளை கோடுகளைப் பார்க்கிறது, துண்டு துண்டாக, வெவ்வேறு கோணத்தில். 1870இல் ஹ்யூபர்ட் ஏரி என்ற ஆங்கிலேய மருத்துவர் தன் ஆராவை வண்ணத்தில் வரைந்து வெளியிட்டார். பழைய கோட்டைச் சுவரின் முனைகளைப் போல் இருந்த அந்தப் படம் இன்றும் பாடநூல்களில் வருகிறது.

அந்த வளைவு முதலில் தயங்கித் தயங்கி நகர்ந்து, ஓரத்துக்குப் போகப் போக ஓட்டம் பிடிக்கும். அலை வேகமெடுத்தது என்று தோன்றும். ஆனால் அலை ஏறக்குறைய அதே வேகத்தில்தான் போகிறது. நிலப்படத்தின் அளவுகோல்தான் மாறுகிறது. பார்வையின் நடுப்பகுதிக்கு மூளை தாராளமாக இடம் கொடுத்திருக்கிறது, ஓரத்துக்கு மிகக் கொஞ்சம். (இந்த வரியில் ஒரே எழுத்தை உற்றுப் பார்த்தபடி பக்கத்தின் விளிம்பில் உள்ள சொல்லைப் படிக்க முயலுங்கள், புரியும்.) புறணியில் ஒரு மில்லிமீட்டர் என்பது நடுவில் ஒரு மயிரிழை, ஓரத்தில் ஒரு பெரிய வீச்சு. பற்கள் ஓரத்தில் பெரிதாகத் தெரிவதும் இதனால்தான்.

அப்புறம் வரும் தலைவலி வேறு நரம்பின் வேலை. மூளைக்கு வலி தெரியாது. அதைச் சுற்றியுள்ள உறைக்குத் தெரியும். முகத்தின் உணர்வைச் சுமக்கும் முக்கிளை நரம்பின் முனைகள் அந்த உறையிலும் உண்டு. வலியைத் தூண்டும் சி.ஜி.ஆர்.பி. என்ற புரதத் துணுக்கை அவை வெளியிடுகின்றன. அதைத் தடுக்கும் ஊசிகள் 2018இல் வந்துவிட்டன. ஒற்றைத் தலைவலிக்கென்றே வடிவமைக்கப்பட்ட முதல் தடுப்பு மருந்துகள் இவைதான். மனிதர்களை முடக்கிப்போடும் நோய்களின் 2019ஆம் ஆண்டு உலகக் கணக்கில் ஒற்றைத் தலைவலி இரண்டாம் இடத்தில் இருந்தது, இளம்பெண்களிடையே முதலிடத்தில். இப்படியொரு நோய்க்கு இவ்வளவு தாமதமா என்று எனக்குக் கோபம் வருகிறது. 'தலைவலிதானே' என்று ஒதுக்கியதற்கும், இது பெண்களுக்கு அதிகம் வருவதற்கும் தொடர்பில்லை என்று நான் நம்பவில்லை. ஆராய்ச்சிக்கு ஒதுக்கப்படும் பணம் இந்த வலியின் அளவுக்கு ஒருநாளும் வந்ததில்லை.

இப்போதைக்கு என்ன செய்யலாம்? ஓடிக்கொண்டிருக்கும் ஆராவை உடனே நிறுத்த நம்பகமான மருந்து கிடையாது. வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் ஓரமாக நிறுத்திவிடுங்கள். வலி மாத்திரையைத் தாமதிக்காமல் போட்டால் நன்றாக வேலை செய்யும். ஒற்றைத் தலைவலியை அடக்கும் டிரிப்டான் வகை மாத்திரையை வலி தொடங்கியதும் போட வேண்டும், இதய நோய் உள்ளவர்கள் அதைத் தொடக் கூடாது. சாதாரண வலி மாத்திரை மாதத்தில் 15 நாளைத் தொட்டால், டிரிப்டான் 10 நாளைத் தொட்டால், மாத்திரையே தலைவலியைக் கொண்டுவர ஆரம்பிக்கலாம். அடிக்கடி வந்தால் புரோப்ரனலால் போன்ற தடுப்பு மருந்துகளைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஆரா வரும் பெண்கள், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எழுதிக்கொடுக்கும் மருத்துவரிடம் இதைக் கட்டாயம் சொல்லிவிட வேண்டும்; பக்கவாத அபாயம் கூடும். புகைப்பழக்கமும் அந்த அபாயத்தைக் கூட்டும்.

எல்லா மின்னலும் ஆரா இல்லை. ஆரா மெல்லப் பரவும், மின்னும், ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். திடீரென்று திரை விழுந்த மாதிரி பார்வை போனாலோ, ஒரு கண்ணில் மட்டும் போனாலோ, கை கால் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, 50 வயதுக்கு மேல் முதன்முறையாக வந்தாலோ, காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி கேட்ட வாசகிக்கு ஒன்று. மருத்துவரிடம் போகும்போது வாயால் விவரிப்பதைவிட ஒரு தாளைக் கொண்டுபோவது நல்லது. நடுவில் ஒரு புள்ளி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு வளைவு, பக்கத்தில் நேரம். என்னிடமும் அப்படி ஒரு தாள் இருக்கிறது. முதல் இரண்டு வளைவுகளுக்கு நடுவில் ஒரு விரல்கூட நுழையாது. கடைசி வளைவு தாளுக்குள் அடங்கவில்லை, மேஜையில் முடிகிறது.