மருத்துவமனையில் வேலை பார்க்கும் திருநர்களுக்குச் சட்டம் என்ன தருகிறது?

டாக்டர், நர்ஸ், லேப் டெக்னீஷியன், ஹவுஸ் கீப்பிங் என்று எந்த வேலையில் இருந்தாலும் சரி, திருநங்கை, திருநம்பி ஊழியர்கள் போய் முறையிட அந்த மருத்துவமனையிலேயே ஒரு புகார் அலுவலர் இருக்க வேண்டும். திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 11 இதைக் கட்டாயமாக்குகிறது. அரசு மருத்துவமனை, கார்ப்பரேட், டிரஸ்ட் நடத்துவது, நாலு டாக்டர்கள் சேர்ந்து நடத்தும் நர்சிங் ஹோம் எல்லாம் இதில் அடங்கும், இத்தனை ஊழியர்கள் இருந்தால்தான் என்ற கணக்கும் கிடையாது.

வேலைக்கு எடுப்பதிலோ பதவி உயர்விலோ பாகுபாடு கூடாது என்கிறது பிரிவு 9. இதை நடைமுறைப்படுத்த 2020-ல் வந்த விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி இணையதளத்தில் போட வேண்டும், இல்லாவிட்டால் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்ட வேண்டும். கழிப்பறை, பாதுகாப்பு, புகார் அலுவலர் யார் என்ற விவரம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். புகார் வந்தால் 15 நாளில் விசாரணை, அறிக்கை கிடைத்த 15 நாளில் நிர்வாகத்தின் நடவடிக்கை.

எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது, ஊழியரின் பாலின அடையாளத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்ற விதி. படித்த சான்றிதழிலும் மெடிக்கல் கவுன்சில் பதிவிலும் பழைய பெயர் இருக்கலாம், வேலையில் சேரும்போது அதெல்லாம் எச்.ஆர். கைக்குப் போகும், அங்கிருந்து அந்தப் பெயர் வார்டு முழுக்கப் பரவினால் நைட் டியூட்டியில் டியூட்டி ரூமுக்குள் போவதும் ஆபரேஷன் தியேட்டருக்கு உடை மாற்றுவதும்கூட அவருக்கு வேதனையாகிவிடும். இதைச் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை, புகாராகவே எழுதிக் கொடுக்கலாம்.

2022-ல் ஹைதராபாத் உஸ்மானியா மருத்துவமனையில் பிராச்சி ராத்தோட், ரூத் ஜான் பால் என்ற இரண்டு திருநர் டாக்டர்கள் மருத்துவ அலுவலர்களாகச் சேர்ந்தார்கள். அப்படி வெளிப்படையாக வேலை பார்க்க எல்லாருக்கும் வழி வேண்டும் என்றால் இந்த விதிகள் காகிதத்தை விட்டு வெளியே வர வேண்டும். இவை சரியாக அமலாகவில்லை என்று உச்ச நீதிமன்றமே 2025 அக்டோபரில், வேலை இழந்த ஒரு திருநங்கை ஆசிரியை தொடுத்த வழக்கில் கண்டித்தது.

அப்புறம், தன்பால் ஈர்ப்புள்ள டாக்டர்களும் நர்ஸ்களும் இந்தச் சட்டத்துக்குள் வரமாட்டார்கள், இது பெரிய ஓட்டை. தன்பால் உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவிலிருந்து உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பு அவர்களை விடுவித்தது, ஆனால் தனியார் மருத்துவமனை பாகுபாடு காட்டினால் அவர்களுக்கென்று தனிச் சட்டம் இல்லை. மாணவர்களுக்கு மட்டும் கொஞ்சம் பிடிமானம் உண்டு: பாலியல் நாட்டத்தை வைத்துச் சீண்டுவதும் ஒதுக்குவதும் ராகிங்தான் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016-ல் விதியைத் திருத்தியது. பாலியல் நாட்டத்தை 'மாற்றுகிறேன்' என்று சிகிச்சை தரும் டாக்டர்மீது தொழில் ஒழுங்கீன நடவடிக்கை எடுக்கலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் அறிவித்தது, அதற்கு வழிவகுத்தது சென்னை உயர் நீதிமன்றம்.

உங்கள் மருத்துவமனையில் புகார் அலுவலர் யார், சம வாய்ப்புக் கொள்கை எங்கே இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். கேட்பவர் திருநராக இருக்க வேண்டும் என்றில்லை, கூட வேலை பார்க்கும் நீங்கள் கேட்டால் அவர் தன்னை வெளிக்காட்டிக்கொள்ள வேண்டிய நிலை வராது. அரசு மருத்துவமனை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு இதே இரண்டு கேள்விகளையும் அனுப்புங்கள், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.