ஆட்டப்பொறி: கேம் எஞ்சினுக்குத் தமிழில் என்ன பெயர்?

எஞ்சின் என்றதும் நமக்கு ரயிலும் லாரியும்தான் நினைவுக்கு வரும். கேம் எஞ்சின் வெறும் மென்பொருள். திரையில் படம் வரைவது, ஒலி எழுப்புவது, எந்தப் பொத்தானை அழுத்தினோம் என்று பார்ப்பது, இரண்டு பொருள்கள் மோதினால் கண்டுபிடிப்பது என்று எல்லா கேமுக்கும் பொதுவான வேலைகளை அது செய்து கொடுத்துவிடும். கரூரில் பஸ்ஸுக்கு பாடி கட்டுகிறவர்கள் எஞ்சின் செய்வதில்லை. எஞ்சினும் சக்கரமும் பொருத்தி வந்து இறங்கும் சேஸிஸ் என்ற அடிச்சட்டத்தின் மேல்தான் கட்டுகிறார்கள். கேம் சேஸிஸ் என்றே பெயர் வைத்திருந்தால் இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும்.

1993-ல் வெளிவந்த டூம் என்ற துப்பாக்கிச் சண்டை கேமை ஒட்டித்தான் 'கேம் எஞ்சின்' என்ற பெயர் பரவியது. அதில் கேமை இயக்கும் நிரல் தனி. படம், ஒலி, நிலவரைபடம் எல்லாம் வாட் என்ற தனிக் கோப்பில். கோப்பை மாற்றினால் ஆட்டமே மாறும். அடுத்த ஆண்டே ரேவன் சாஃப்ட்வேர் என்ற நிறுவனம் அதே எஞ்சினைக் கொண்டு ஹெரெடிக் என்ற வேறொரு கேமைக் கொண்டுவந்தது.

எஞ்சின் என்ற சொல்லுக்கு மூலம் லத்தீன் இன்கெனியம். பிறவியிலேயே வாய்த்த அறிவு என்று பொருள். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது சூழ்ச்சி, கருவி, கோட்டையைத் தகர்க்கும் போர்க்கருவி என்றெல்லாம் பொருள் விரிந்தது. அதுவே தலை உதிர்ந்து 'ஜின்' என்றாகி, விலங்கு பிடிக்கும் கண்ணிக்கும் பெயரானது.

நம்முடைய 'பொறி'யும் இதே பாதையில்தான் போயிருக்கிறது. எலிப்பொறி வீட்டிலேயே இருக்கிறது. சிலப்பதிகாரம் மதுரைக் கோட்டையின் காவலைச் சொல்லும்போது 'வளைவிற் பொறி' என்கிறது. தானே வளைந்து அம்பு எய்யும் எந்திர வில். 'தேடுபொறி' ஏற்கெனவே புழக்கத்துக்கு வந்துவிட்டது. 'விளையாட்டு இயந்திரம்' என்றால் பொருட்காட்சியில் காசு போட்டு ஆடும் பெட்டிதான் கண்ணில் வரும். 'விளையாட்டு' என்றாலே செய்தித்தாளில் கிரிக்கெட் பக்கம். ஆகவே என் ஓட்டு ஆட்டப்பொறிக்கு.

'கோடிங் தெரியாமலே கேம் செய்யலாம்' என்கிறார்களே, அது பாதி உண்மை. ஜிடெவலப் போன்ற பொறிகளில் நிரல் எழுத வேண்டாம். இடப்பக்கம் நிபந்தனை, வலப்பக்கம் செயல், அவ்வளவுதான். ஆனால் யோசிக்கிற வேலை நம்முடையதே. மாங்காய் பொறுக்கும் கேம் ஒன்றில் "கூடை மாங்காயைத் தொட்டால் மதிப்பெண்ணில் 1 கூட்டு" என்று போட்டேன். ஒரே மாங்காய்க்கு இரண்டு நொடியில் 120 மதிப்பெண்! பொறி நொடிக்கு 60 முறை பார்க்கிறது. பார்க்கும் போதெல்லாம் மாங்காய் கூடையிலேயே கிடக்கிறது. வலப்பக்கத்தில் "மாங்காயை நீக்கு" என்று இன்னொரு செயலைச் சேர்த்த பிறகுதான் மாங்காய்க்கு ஒன்று என்று கணக்கு நின்றது.