ஜாஸ் டிரம்ஸ் பழகுபவர்களுக்கு: முதலில் மெல்ல வாசியுங்கள்

டிரம்ஸ் பழக வரும் பிள்ளைகள் சில மாதங்களிலேயே வேகம் பிடித்துவிடுகிறார்கள். சத்தத்தைப் பாதியாகக் குறைக்கச் சொன்னால் அந்த வேகம் நின்றுபோகிறது. எந்தக் குழுவோடும் இசைந்து வாசிக்கும் ஜாஸ் டிரம்மராக வளர வேண்டுமானால், மெல்ல வாசிப்பது முதல் ஆண்டிலேயே கையில் படிய வேண்டும். காதும் மணிக்கட்டும் தப்புவதற்கும் அதுதான் வழி.

ஜாஸ் டிரம்மர் ராய் ஹெய்ன்ஸ் இதற்கு நல்ல உதாரணம். 1925இல் அமெரிக்காவின் பாஸ்டனில் பிறந்தவர். சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி பார்க்கர் குழுவில் வாசித்தார். 1953 முதல் ஐந்தாண்டுகள் பாடகி சாரா வானுக்குத் துணை வாசித்தார். பிறகு சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன், பியானோ கலைஞர் சிக் கொரியா ஆகியோரோடு வாசித்தார். தொண்ணூறு வயதிலும் மேடையேறினார். பாடுபவருக்குப் பின்னால் வாசிப்பதைப் போன்ற பயிற்சி வேறில்லை. பாட்டின் சொல் டிரம்ஸில் மூழ்கினால் அடுத்த முறை அழைக்க மாட்டார்கள்.

தாளத்தைத் தொடர்ந்து தட்டிச் செல்லும் பெரிய உலோகத் தட்டான ரைடு சிம்பலில் தொடங்குங்கள். நான்கு தட்டுச் சுற்றில் ஒவ்வொரு தட்டையும் ‘தகிட’ என மூன்றாகப் பிரித்தால், 1, 3ஆம் தட்டுகளில் ‘த’ மட்டும் விழும். 2, 4இல் ‘த’வும் ‘ட’வும் விழும். அதே 2, 4இல் இடது கால், மிதியால் இயங்கும் இரட்டைச் சிம்பலான ஹை-ஹாட்டை மூடும். தாளம் காட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஸ்டிக்கின் நுனி இரண்டு அங்குலத்துக்கு மேல் எழாமல் பத்து நிமிடம் வாசியுங்கள். கடினமாகத்தான் இருக்கும். வேகம் 200ஐத் தாண்டும்போது ‘தகிட’ப் பிரிவு தளர்ந்து, ஏறக்குறைய சம இடைவெளியாகிவிடும். மெதுவான நடையின் ‘தகிட’ ஊசலை அங்கேயும் திணிப்பவர்களுக்குத்தான் முன்கை இறுகி வலிக்கிறது.

காலால் வாசிக்கும் பெரிய டிரம்மான பேஸ் டிரம்மை நான்கு தட்டிலும் மெல்ல வருட வேண்டும். அதன் மிதியோடு இணைந்த அடிகோலான பீட்டர் தோலிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் விலகினால் போதும். குழுவில் இருக்கும் பெரிய தந்தி வாத்தியமான டபுள் பேஸும் அதே கீழ்ஸ்தாயியில்தான் ஒலிக்கிறது. காலை அழுத்தினால் பேஸ் வாசிப்பவரின் சுரங்கள் மறைந்துவிடும். ஸ்டிக்குக்குப் பதிலாக மெல்லிய கம்பிகள் கொண்ட பிரஷ் பழக, மேற்பூச்சுள்ள சொரசொரப்பான தோல் வேண்டும். வழவழப்பான தோலில் தேய்த்தால் ஒலியே எழாது. இடது கை தோலை விட்டு எழாமல் வட்டமிட, வலது கை ரைடு நடையைத் தட்டும்.

கைப்பயிற்சியோடு மெட்டும் ஏற வேண்டும். பாஸ்டனில் கற்பித்த ஆலன் டாசன், மாணவர்களைப் பாட்டின் மெட்டைப் பாடிக்கொண்டே வாசிக்கச் சொல்வார். அவரிடம் பயின்ற டோனி வில்லியம்ஸ் 1963இல், 17 வயதில் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் குழுவில் சேர்ந்தார். 32 பார் (பார் என்பது ஒரு தாளச் சுற்று) கொண்ட பாட்டில் இப்போது எந்தப் பகுதியில் நிற்கிறோம் என்று தெரியாத டிரம்மர், மற்றக் கலைஞர்களோடு நான்கு நான்கு பாராக மாறி மாறி வாசிக்கும்போது கட்டாயம் வழி தவறுவார். பியானோவும் கொஞ்சம் பழகுவது பெரிய உதவி.

இனி காது. இதைப் பெற்றோர் கவனமாகப் படிக்க வேண்டும். அமெரிக்கப் பணியிட நலவாழ்வு நிறுவனத்தின் பரிந்துரைப்படி 85 டெசிபல் ஓசையில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 94இல் ஒரு மணி, 100இல் வெறும் 15 நிமிடம். சிறிய அறையில் டிரம்ஸ் எளிதில் 100ஐ எட்டும். பஞ்சு அடைத்தால் போதாது. ஃபோம் காதடைப்பான் உயர் சுரங்களை அதிகமாக மழுக்குவதால் சிம்பல் சரியாகக் கேட்காது; உடனே கை ஓங்கி அடிக்கத் தொடங்கும், மணிக்கட்டு வீங்கும். எல்லாச் சுரங்களையும் ஏறக்குறைய சமமாக 15 டெசிபல் குறைக்கும், இசைக்கலைஞர்களுக்கான வடிகட்டிக் காதடைப்பானை வாங்குங்கள். அதை முதல் நாளிலிருந்தே அணியப் பழக்குங்கள். பின்னால் அணிந்தால் ஒலி அந்நியமாகத் தோன்றிக் கழற்றிவிடுவார்கள். தனிப்பயிற்சியின் பெரும்பகுதியை ரப்பர் பேடில் செய்யலாம்.

ஸ்டிக்கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாங்கினால் போதும். துள்ளி எழுவதை மற்ற விரல்கள் தடுக்கக் கூடாது. 25 நிமிடத்துக்கு ஒருமுறை கையை ஆறவிடுங்கள். விரல் மரத்துப்போனால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். மறுபடியும் வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். வாசித்த மறுநாளும் காதில் இரைச்சல் நீடித்தால் கேட்கும் திறனைச் சோதிக்க வேண்டும். ஓசையால் வரும் பாதிப்பு பெரும்பாலும் 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரையில்தான் முதலில் தெரியும், அதனால் அந்தப் பகுதியையும் சேர்த்துச் சோதிக்கும்படி கேளுங்கள். ஒரு காது திடீரெனக் கேட்காமல் போனால் காத்திருக்காதீர்கள், அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.