முதுகில் மட்டும் வேர்த்தது ஏன்?

டெக்சாஸில் வேலை பார்க்கும் அக்கா மகன் மே மாதம் விடுமுறையில் கடலூர் வந்திருந்தான். வருவதற்குச் சில வாரங்கள் முன்புதான் பிக் பெண்ட் தேசியப் பூங்காவில், முதுகுப்பையோடு மூன்று நாள் நடந்திருக்கிறான். மெக்சிகோ எல்லையை ஒட்டிய சிவாவா பாலைவனமும், அதன் நடுவே எழுந்து நிற்கும் சீசோஸ் மலைகளும் சேர்ந்த இடம் அது. கைபேசியில் தன் நீலச் சட்டையின் படத்தைக் காட்டினான். அக்குளிலிருந்து மார்பு வரைக்கும் வெள்ளை வெள்ளையாக வளைகோடுகள். மரக்காணம் உப்பளத்தில் பாத்தி ஓரம் படிந்திருக்குமே, அதே மாதிரி.

“எனக்கு வேர்க்கவே இல்ல சித்தி. பையை இறக்குறப்போ முதுகு மட்டும்தான் ஈரமா இருக்கும். ஆனாலும் ரெண்டாம் நாள் தலை சுத்தி உக்காந்துட்டேன்.”

வேர்த்திருக்கிறது, நம் ஊரில் வேர்ப்பதைவிட அதிகமாகவே வேர்த்திருக்கலாம். வெளிவந்த வேகத்திலேயே காற்று அதைக் குடித்துவிட்டதால் அவன் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

வியர்வை ஆவியாகும்போதுதான் உடம்பு குளிரும். ஒரு லிட்டர் வியர்வை தோலின் மேல் முழுக்க ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். அதுவே சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தால், இழந்த தண்ணீருக்குப் பயனே இல்லை. ஆவியாவது எவ்வளவு வேகமாக நடக்கும் என்பது, ஈரத் தோலின் நீராவி அழுத்தத்துக்கும் காற்றிலுள்ள நீராவி அழுத்தத்துக்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்தது. 35 டிகிரியில் இருக்கும் ஈரத் தோலில் நீராவி அழுத்தம் 5.6 கிலோபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு). கடலூரில் 35 டிகிரி வெயிலில் 70 சதவீத ஈரப்பதம் என்றால் காற்றில் ஏற்கெனவே 3.9 இருக்கிறது, மிச்சம் 1.7தான். பாலைவனத்தில் 40 டிகிரி, 10 சதவீத ஈரப்பதம் என்றால் காற்றில் இருப்பது 0.7 மட்டும்; இடைவெளி 4.9. ஏறக்குறைய மூன்று மடங்கு.

ஈரத்துணி சுற்றிய வெப்பமானியை இரண்டு இடத்திலும் காற்றில் வைத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். கடலூரில் அது 30 டிகிரிக்குப் பக்கத்தில் நின்றுவிடும். அங்கே 19 வரைக்கும் இறங்கும். வெயில் அங்கேதான் கூடுதல், ஆனால் நிழலில் உட்கார்ந்தால் சுகம். நமக்கோ மின்விசிறியின் கீழேயும் பிசுபிசுப்பு.

முதுகு மட்டும் ஏன் நனைந்தது? பதினைந்து கிலோ பை முதுகோடு ஒட்டிக்கிடக்கிறது. காற்று புக வழியில்லை. அந்த ஒரு முழ இடத்தில் நூறு சதவீத ஈரப்பதம். வேர்த்தது வேர்த்தபடியே நிற்கிறது. பையை இறக்கினால் முதுகு சில்லிட்டு, இரண்டே நிமிஷத்தில் காய்ந்துபோகுமாம். டெக்சாஸ் மலையில் அவன் முதுகில் மட்டும் கடலூர் இருந்திருக்கிறது!

அப்புறம், பாலைவனத்தில் காற்று தோலைவிடச் சூடு. வீசவீச அதுவே உடம்புக்குள் வெப்பத்தை ஏற்றும். அதனால்தான் அங்கே நடக்கிறவர்கள் சட்டையைக் கழற்றுவதில்லை. தொளதொளப்பான முழுக்கைச் சட்டையாகப் போடுகிறார்கள். போதாததற்கு, மேடேறும் உடம்பும் ஓர் அடுப்பு. தசைகள் எரிக்கும் சக்தியில் நான்கில் ஒரு பங்குகூட நடைக்கு முழுதாகப் போவதில்லை, மீதியெல்லாம் வெப்பம். பை சுமந்து ஏறும்போது மணிக்கு ஒரு லிட்டர் வியர்வை போவது சாதாரணம். எழுபது கிலோ ஆளுக்கு ஒன்றரை லிட்டர் போனாலே உடல் எடையில் 2 சதவீதம். நடையும் கவனமும் தளரத் தொடங்கும். தாகமோ மெதுவாகத்தான் எழுப்பும்.

சரி, நிறையத் தண்ணீர் எடுத்துப் போனால் என்ன? லிட்டருக்கு ஒரு கிலோ எடை. அந்தப் பூங்காவில் ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டராவது வேண்டும் என்கிறார்கள். மூன்று நாளுக்குப் பன்னிரண்டு கிலோ, அதைச் சுமக்கவே இன்னும் வேர்க்கும். அங்கே சுமார் 48 கிலோமீட்டர் சுற்றுப்பாதை ஒன்று உண்டு. அதில் நடக்கிறவர்கள் வழியிலுள்ள ஹோமர் வில்சன் பண்ணை வீட்டருகே, கரடி திறக்க முடியாத இரும்புப் பெட்டிகளில் முன்னதாகவே தண்ணீர் வைத்துவிட்டு வருகிறார்கள். ஊற்றுகளை நம்ப முடியாது. பாறைக்குழிகளில் மழைநீர் தேங்கும். அதற்கு ஸ்பானிய மொழியில் ‘தினாஹா’ என்று பெயர். மண்தாழி என்று அர்த்தம். நம்மூர் ஆள் பார்த்திருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார். அது விலங்குகள் உயிர் பிழைக்கும் தண்ணீர் என்பதால், நடக்கிறவர்கள் அதில் கைவைக்காமல் விடுவதே நியாயம்.

சட்டையில் கோடு போட்ட உப்புக்கும் கணக்கு உண்டு. அது ரத்தத்திலிருந்து வந்த சோடியம். அதை ஈடுகட்டாமல் வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். முற்றினால் வலிப்பும் வரும். தண்ணீர் குறைந்தாலும் தலை சுற்றும், உப்பு குறைந்தாலும் சுற்றும். அதனால் மலையில் தலை சுற்றும் ஒருவருக்கு இன்னும் தண்ணீர் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வதற்கு முன், அவர் எவ்வளவு குடித்தார், என்ன சாப்பிட்டார் என்று கட்டாயம் கேட்க வேண்டும்.

சிறுகுடல் சுவரில் சோடியத்தையும் குளுக்கோஸையும் ஒன்றாகச் சேர்த்தே உள்ளே இழுக்கும் புரதம் ஒன்று இருக்கிறது. அவை போனால் பின்னாலேயே தண்ணீரும் போகும். உப்பு போட்ட கஞ்சியில் இரண்டும் இருக்கின்றன; சோற்றின் மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாகிவிடும். கத்தரி வெயிலில் நாற்று பறிக்கப் போகிறவர்கள் தூக்குவாளியில் கொண்டுபோவது இதைத்தான். இதைச் சொன்னதும் அவன் எழுந்து அடுப்படிக்குப் போய், நொய்யில் கஞ்சி எப்படி வைப்பது என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனோம். மலையில் நடந்தபோது நனைத்துக் கழுத்தில் கட்டிக்கொண்ட கைக்குட்டையை இங்கேயும் நனைத்துக் கட்டிக்கொண்டான். அங்கே அது பத்து நிமிஷத்தில் மொடமொடப்பாகிவிடுமாம். கடல் காற்று நன்றாகவே வீசியது. வீடு திரும்பி அதைக் கொடியில் போட்டபோது இன்னும் பிழியலாம் போல் இருந்தது.