நெய்ப் போத்தலைத் திறக்க முன்

சிறுபோகம் விதைத்துக்கொண்டிருந்த நேரம். காலை ஏழரைக்கே ஒரு ஐயா வந்து என் சித்த வைத்தியசாலை வாசலில் குந்தியிருந்தார். துணிப்பைக்குள் பாதி முடிந்த நெய்ப் போத்தல். "டொக்டர், பத்து நாளா இதைத்தான் குடிக்கிறன். எரிவு குறையேல்லை. இப்ப வலது விலாவுக்குக் கீழ பிடிச்சு இழுக்குது" என்றார். நாள்பட்ட கஸ்ரிக்குக்கு வெறும் வயிற்றில் மூலிகை சேர்த்துக் காய்ச்சிய மருந்து நெய் குடித்தால் போதும் என்று யாரோ போனில் வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். மகன் தேடி வாங்கிக் கொடுத்துவிட்டான். எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று கேட்டேன். "தேத்தண்ணிக் கிளாசில அரைவாசி."

நாடி பார்த்தேன், நாக்கைப் பார்த்தேன். விலாவுக்குக் கீழே விரலை அழுத்தி மூச்சை இழுக்கச் சொன்னபோது பாதியில் மூச்சு நின்றுவிட்டது. ஸ்கானுக்கு எழுதிக் கொடுத்தேன். பித்தப்பையில் கல்.

கல்லை நெய் உண்டாக்கவில்லை. பத்து நாளில் கல் வராது, அது முன்பே இருந்திருக்கிறது. ஆனால் கொழுப்பு குடலுக்குள் இறங்கினால் பித்தப்பை சுருங்கிப் பித்தநீரைத் தள்ளும். அதுதான் அதன் வேலை. கல் கிடக்கும் பையை ஒவ்வொரு விடியலிலும் அரைக் கிளாஸ் நெய் விட்டுச் சுருக்கினால் வலிக்கும்தானே.

நெய்க்கு நான் எதிரி இல்லை. என் மருந்து அலுமாரியின் முதல் தட்டு முழுக்க நெய்தான். ஆனால் வயிற்று வைத்தியத்தில் நெய் கடைசியாக வரவேண்டிய மருந்து. அதை முதலில் குடித்துவிட்டு வருபவர்கள்தான் இப்போது கூடிவிட்டார்கள்.

வன்னியில் வயிற்று வருத்தம் எப்படி வருகிறது என்பதை நோயாளியின் ஒரு நாளைக் கேட்டாலே தெரிந்துவிடும். விடிய நாலரைக்கு ஒரு பிளேன்ரீ, வாயில் வெற்றிலை, வயல். பதினொரு மணிவரை வேறொன்றும் கிடையாது. பிறகு பசி தாங்காமல் ஒரு குவியல் சோறு, உறைப்பான கறி. நாற்று, மருந்தடி, மூட்டை தூக்கல் என்று நாரி பிடித்தால் கடையில் ஒரு வலிக் குளிசை. டைக்குளோபினாக் போன்ற குளிசைகள் இரைப்பையின் உட்படலத்தைப் புண்ணாக்கும். அதை வெறும் வயிற்றில், வாரக்கணக்கில் போடுகிறார்கள். இதில் எதையும் மாற்றாமல் மேலே நெய்யை ஊற்றினால் எனக்கும் உங்களுக்கும் காசும் நேரமும்தான் மிச்சமில்லாமல் போகும்.

எல்லாரும் சொல்லும் சொல் 'கஸ்ரிக்'. ஆனால் சித்த மருத்துவத்தில் குன்மம் என்ற வயிற்று வருத்தம் மட்டுமே 8 வகை. எரிகுன்மம் வேறு, வாயுக்குன்மம் வேறு, வலிகுன்மம் வேறு. சாப்பிட்டவுடன் மலசலகூடத்துக்கு ஓடவைக்கும் கிரகணி இவற்றில் சேராது. ஒன்றுக்குக் கொடுக்கும் நெய் மற்றதைக் கிளப்பிவிடும். இன்னொன்றும் உண்டு. வயிற்றுப் புண்ணில் பெரும் பங்குக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி காரணம். அதைக் கண்டறிந்த பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. கிருமி இருப்பது பரிசோதனையில் தெரிந்தால் அதற்கு அன்டிபயோட்டிக்தான் மருந்து. அந்த இடத்தில் நெய்யை வைத்து வாதாட நான் தயாரில்லை. முதலில் அதை முடித்துக்கொண்டு வாருங்கள், பிறகு வயிற்றைத் தேற்றுவதைப் பார்க்கலாம் என்றுதான் சொல்வேன்.

சரி, நெய் என்ன செய்கிறது? அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். சாம்பல் மூடிய அடுப்பில் நெருப்பு இருக்கிறது, ஆனால் எழும்பாது. சாம்பலை வழித்துவிட்டு, சுள்ளி வைத்து, ஒரு கரண்டி நெய் விட்டால் குப்பென்று பிடிக்கும். சாம்பலின் மேலேயே நெய்யைக் கொட்டினால் புகைதான் வரும். பசித்தீ மந்தமாகிச் செரியாமல் தேங்கும் கழிவை ஆயுள்வேதம் ஆமம் என்கிறது. நாக்கில் தடித்த வெள்ளைப் படலம், உடம்பு கனம், பசியில்லாமை, ஏப்பத்தில் நேற்றைய சாப்பாட்டு மணம், தண்ணீரில் தாழும் ஒட்டலான மலம். இவை இருந்தால் ஆமம் இருக்கிறது. அப்போது நெய் கூடாது.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்தவன் இல்லை. கைதடியில் சித்த மருத்துவம் படித்து முடித்து வந்த முதல் வருடம் ஒரு அம்மாவுக்கு அவசரப்பட்டு நெய் கொடுத்தேன். எரிவு என்றார், சாத்தாவாரி நெய் என்று எழுதிவிட்டேன். நாக்கை ஒழுங்காகப் பார்க்கவில்லை. நாலாம் நாள் வாந்தி, வயிற்றோட்டம், தலைச்சுற்று. "தம்பி, நெய்யைக் கண்டாலே இப்ப குமட்டுது" என்றார். கோபப்படவில்லை, அதுதான் இன்னும் சுட்டது. அன்றிலிருந்து முதல் நாளில் யாருக்கும் நெய் எழுதுவதில்லை. ஒன்றிரண்டு கிழமை கஞ்சி, சீரகத் தண்ணீர், வெண்ணெய் எடுத்த மோர், தேவைப்பட்டால் சுக்கும் மல்லியும். பசி வந்து கேட்கட்டும். பிறகு நெய்.

மருந்து நெய் காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு அதன் மேல் ஒரு மரியாதை வரும். கற்கம் என்ற அரைத்த மூலிகை விழுது 1 பங்கு, பசு நெய் 4 பங்கு, கசாயமோ சாறோ 16 பங்கு என்பது பொதுக் கணக்கு. சிறு தீ. ஒரே நாளில் முடிக்க அவசரப்படக்கூடாது. தண்ணீர் வற்ற வற்ற நுரை மாறும், மணம் மாறும். அடியில் கிடக்கும் கற்கத்தை எடுத்து இரு விரலால் உருட்டினால் திரிபோல வரவேண்டும். அதை நெருப்பில் போட்டால் படபடவென்று வெடிக்கக்கூடாது, வெடித்தால் ஈரம் இருக்கிறது. நெய்யில் நுரை அடங்குவதும், எண்ணெயில் நுரை எழுவதும் பதம் வந்ததற்கு அடையாளம். என் குருநாதர் பதம் வரும் நேரத்தில் பக்கத்தில் ஒருவரையும் பேசவிடமாட்டார். காதால்தான் பதம் கேட்பார். ஒரு நிமிடம் தாண்டினால் கற்கம் கருகும், கருகிய நெய் மருந்தாகாது.

வன்னியில் எருமைக்குக் குறைவில்லை. எங்கள் சட்டித் தயிருக்கு ஈடு கிடையாது. ஆனால் எருமை நெய் கனமானது, செரிக்க நேரமெடுக்கும். மந்தத்தீக்கு நூல்கள் சொல்வது பசு நெய்யைத்தான். "வீட்டு எருமை நெய் இருக்கு, அதில காய்ச்சித் தாங்கோ" என்று பலர் கேட்பார்கள். மறுக்கச் சங்கடமாகத்தான் இருக்கும்.

நெய் கொடுப்பதில் இரண்டு வழி உண்டு. இதைக் குழப்பிக்கொள்வதால்தான் அந்த அரைக் கிளாஸ் வருகிறது. ஒன்று, சமனம். சிறிய அளவில், பசிக்கும் நேரத்தில், சாப்பாட்டுக்கு முன் கொடுப்பது. வீட்டில் இருந்துகொண்டே எடுக்கலாம். நான் அரைத் தேக்கரண்டியில் தொடங்குவேன். மற்றது, சோதனம். பேதி கொடுத்துக் குடலைச் சுத்தம் செய்வதற்கு முந்திய ஆயத்தம். 3 நாள் முதல் 7 நாள் வரை விடியலில் வெறும் வயிற்றில், நாளுக்கு நாள் அளவைக் கூட்டிக் குடிப்பது. அதை வைத்தியசாலையில் தங்கித்தான் செய்யவேண்டும். வெந்நீர் தவிர வேறெதுவும் குடிக்கக்கூடாது, பகல் நித்திரை கூடாது, நெய் செரித்து நல்ல பசி வந்த பிறகே கஞ்சி. செரித்ததா என்று எப்படித் தெரியும்? ஏப்பம் விட்டுப் பாருங்கள். நெய் மணம் வந்தால் இன்னும் இல்லை. வீடியோவில் வருவது இந்த இரண்டாவது வழி. அதைச் செய்துகொண்டு வயலுக்குப் போகமுடியாது.

காலமும் பார்க்கவேண்டும். எங்களுக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். குளங்கள் வான் பாயும் அந்த நாட்களில் பசித்தீயும் நனைந்துதான் கிடக்கும். தை, மாசியில் பெரும்போக அறுப்பு, ஒருவரையும் வைத்தியசாலையில் படுக்கவைக்க முடியாது. ஆகவே சோதனம் வேண்டியவர்களுக்கு நான் சொல்வது அறுப்பு முடிந்து, வெயில் கடுமையாக ஏறமுன் கிடைக்கும் அந்தச் சில கிழமைகளை.

பலன் தந்த கதை ஒன்றும் சொல்கிறேன். தையல் வேலை செய்யும் ஒரு அக்கா. காலையில் நாலு தடவை போகவேண்டும், சாப்பிட்டால் உடனே போகவேண்டும். பஸ்ஸில் ஏறப் பயந்து கிளிநொச்சிக்குப் போவதையே விட்டுவிட்டார். கமரா விட்டுப் பார்த்தும், மலம், இரத்தம் சோதித்தும் ஒன்றுமில்லை. "ஒண்டும் இல்லையெண்டா எனக்கு என்னதான் வருத்தம், டொக்டர்?" மூன்று கிழமை மோரும் மாதுளை ஓட்டுக் கசாயமும். நாக்கு தெளிந்தது. பிறகு மாதுளையும் மல்லியும் சுக்கும் திப்பிலியும் சேரும் தாடிமாதி நெய், சாப்பாட்டுக்கு முன் அரைத் தேக்கரண்டி, பிறகு ஒன்று. மூன்றாம் மாதம் பஸ்ஸில் போய் வந்ததாகச் சொன்னார். முழுதாகப் போய்விட்டதா என்றால் இல்லை. கலியாண வீட்டுச் சாப்பாட்டுக்கு அடுத்த நாள் இன்றும் வரும்.

வாயுவும் பொருமலும் மட்டும் உள்ளவர்களுக்கு இவ்வளவும் தேவையில்லை. எட்டுச் சரக்குப் பொடியான அட்டசூரணத்தைக் கொஞ்சம் உருக்கிய நெய்யில் குழைத்து முதல் பிடி சோற்றோடு சாப்பிட்டால் போதும். எரிவு உள்ளவர்கள் அதைத் தொடவேண்டாம். அதில் மிளகும் திப்பிலியும் பெருங்காயமும் இருக்கின்றன.

நெய்யை நினைக்கவே கூடாதவர்களும் இருக்கிறார்கள். பித்தப்பைக் கல், மஞ்சட்காமாலை, கணைய அழற்சி, காய்ச்சல், வயிற்றோட்டம் உள்ளவர்கள். இருதய நோய், கொலஸ்ட்ரோல், நீரிழிவு, சிறுநீரக நோய் உள்ளவர்கள் தங்கள் கிளினிக் கொப்பியோடு வரவேண்டும். நெய்யில் அரைவாசிக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு, ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 120 கலோரி. மருந்து சேர்த்ததால் அது மாறிவிடாது. அமிலத்தைக் குறைக்கும் ஒமேபிரசோல் குளிசையை நெய்க்காகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். நெடுநாள் போட்டவர்கள் சட்டென்று விட்டால் அமிலம் முன்னைவிடக் கூடச் சுரக்கும்.

மலம் தார்போலக் கறுத்தால், இரத்த வாந்தி வந்தால், விழுங்கும்போது அடைத்தால், காரணமில்லாமல் மெலிந்தால், ஐம்பதைத் தாண்டிய பிறகு புதிதாக வயிற்று வருத்தம் தொடங்கினால் என்னிடமோ எந்தப் பரியாரியாரிடமோ வரவேண்டாம். முதலில் ஆஸ்பத்திரி. எண்டோஸ்கோப்பிக்கு யாழ்ப்பாணம்வரை போகவேண்டி வந்தாலும் போங்கள். இரும்புச்சத்துக் குளிசையும் மலத்தைக் கறுக்கவைக்கும், அதனால் போட்டிருந்தால் சொல்லிவிடுங்கள்.

போத்தலில் வாங்குபவர்கள் திகதியைப் பாருங்கள். சித்த மருத்துவக் கணக்கில் நெய் மருந்துக்கு ஆயுள் 6 மாதம். ஈரக் கரண்டி விடவேண்டாம். காறல் மணம் வந்தால் விளக்குக்குக்கூட வைக்காமல் கொட்டிவிடுங்கள்.

அந்த ஐயாவுக்குப் பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். விடியலில் பிளேன்ரீக்குப் பதில் பழஞ்சோற்றுத் தண்ணியும் மோரும் குடித்துவிட்டு வயலுக்குப் போகிறார், நாரிக்கு எண்ணெய் பூசுகிறார், வலிக் குளிசையை விட்டுவிட்டார். எரிவும் இல்லை. போன மாதம் ஒரு சட்டி எருமைத் தயிரோடு வந்து, "இனி அந்த நெய்யைத் தொடங்குவமா?" என்று கேட்டார். இன்றுவரை அவருக்கு நான் ஒரு சொட்டு நெய்யும் கொடுக்கவில்லை.