கட்டுவிரியன் கடி: வலியில்லை என்று விட்டுவிடாதீர்கள்

விடிகாலையில் வயிற்றுவலியோடு எழுந்து, இரண்டு முறை வாந்தி எடுத்து, "ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கலை" என்று திரும்பப் படுத்துக்கொள்கிறார் ஒருவர். ஏழு மணிக்கு அவர் கண் இமை சரியத் தொடங்கினால் அது அஜீரணம் இல்லை. வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு, ஒடுகத்தூர், பேரணாம்பட்டுப் பக்கம் தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவருக்கு இப்படி வந்தால் முதலில் கட்டுவிரியனைத்தான் நினைக்க வேண்டும். சில ஊர்களில் இதையே எட்டடி விரியன் என்பார்கள். பெரும்பாலும் பல் தடம் தெரியாது, வீக்கம் இராது, வலியும் இராது. ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் 20 நிமிடச் சோதனையும் சரியாகவே இருக்கும். அது கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடியைக் காட்டிக்கொடுக்கும் சோதனை.

நரம்பு தசையைத் தொடுவதில்லை. நடுவே மிக மெல்லிய இடைவெளி உண்டு. நரம்பு முனையிலுள்ள நுண்பைகள் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை அந்த இடைவெளியில் கொட்டும். எதிர்க்கரையில், தசையின் மேல், ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாகச் சேர்ந்த ஏற்பி காத்திருக்கிறது. இரண்டு அசிட்டைல்கோலின் மூலக்கூறுகள் வந்து ஒட்டியதும் அதன் நடுவாசல் திறந்து சோடியம் உள்ளே பாயும், தசை சுருங்கும். இமையைத் தூக்குவதும் மூச்சை இழுப்பதும் இந்த வழியில்தான்.

இந்த ஏற்பியை ஆராய்ச்சியாளர்கள் கையில் பிடித்ததே கட்டுவிரியன் இனத்தின் விஷத்தால்தான். 1963-இல் தைவானில் சாங், லீ இருவரும் அங்குள்ள பட்டைக் கட்டுவிரியனின் விஷத்திலிருந்து ஆல்ஃபா-பங்காரோடாக்ஸின் என்ற நச்சைப் பிரித்தார்கள். ஏற்பியில் அது விடாப்பிடியாக ஒட்டும். அதையே தூண்டிலாக்கி, 1970-இல் பாரிஸில் ஷான்ஷோ குழு மின்விலாங்கு மீனின் மின் உறுப்பிலிருந்து ஏற்பியை அடையாளம் கண்டது. தசைகள் தளர்ந்துபோகும் மயஸ்தீனியா நோயில் உடலின் எதிர்ப்பாற்றல் எதைத் தாக்குகிறது என்பது பிடிபட்டதும் இந்த வழியில் வந்த ஆராய்ச்சியால்தான்.

ஆனால் நம் ஊர்க் கட்டுவிரியனின் பெரிய சேதம் ஏற்பியில் இல்லை, இந்தக் கரையில். பீட்டா வகை நச்சு நரம்பு முனையையே அரித்துவிடும். நுண்பைகள் காலியாகும், கொட்ட ஒன்றும் மிஞ்சாது. விஷமுறிவு மருந்து ரத்தத்தில் சுற்றும் விஷத்தைத்தான் பிடிக்கும். அரிபட்ட முனையைச் சரிசெய்யாது. அது தானே வளர்ந்து வரவேண்டும், அதற்கு நாட்கள், சிலருக்கு வாரங்கள் ஆகும். நாகப்பாம்பின் நச்சு பெரும்பாலும் ஏற்பியை அடைப்பது. அதனால் அசிட்டைல்கோலின் சிதையாமல் காக்கும் நியோஸ்டிக்மின் மருந்தை அட்ரோபினோடு சேர்த்துப் போட்டால் அதற்கு நல்ல பலன் கிடைக்கும். கட்டுவிரியனுக்கு அவ்வளவாகக் கேட்காது.

ஆகவே விஷமுறிவு மருந்து சீக்கிரம் ஏற வேண்டும். வழக்கமான தொடக்க அளவு 10 குப்பி. குழந்தைக்கும் அதே அளவுதான், குழந்தை என்று பாம்பு விஷத்தைக் குறைத்து விடுவதில்லை. தளர்ச்சி கூடிக்கொண்டே போனால் இன்னொரு 10. அதற்கு மேல் ஏற்றுவதில் பயனில்லை. பிறகு உயிரைக் காப்பது வென்டிலேட்டர். முதலில் போய்ச் சேரும் இடத்தில் மருந்தைத் தொடங்கிவிட்டு, வென்டிலேட்டர் உள்ள இடத்துக்கு, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்துக்கு, அனுப்ப வேண்டும்.

வழியில் கயிறு இறுக்குவது, கீறுவது, பச்சிலை அரைத்துக் கொடுப்பது எதுவும் வேண்டாம். விழுங்கும் தசை தளர்ந்தவருக்குத் தண்ணீர் கொடுத்தாலும் அது நுரையீரலுக்குப் போகும். இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வழியட்டும். தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடிகிறதா, ஒரே மூச்சில் 20 வரை எண்ண முடிகிறதா என்று அடிக்கடி பாருங்கள். முடியவில்லையென்றால் மூச்சு நிற்கப் போகிறது என்று 108 ஊழியரிடம் உடனே சொல்லுங்கள். அறிகுறியே இல்லாதவரையும் 24 மணி நேரம் கண்காணிப்பில் வைக்க வேண்டும், சிலருக்கு மணிக்கணக்கில் தாமதமாகத்தான் இமை சரியும்.

கட்டிலில் படுப்பது நல்லது. கட்டில் இல்லாத வீட்டில் கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நாலாபக்கமும் செருகினாலே பாம்பு உள்ளே வராது. செருகாமல் தொங்கும் வலை இதற்கு உதவாது.

வென்டிலேட்டரில் கிடப்பவரின் கண்மணி விரிந்து, ஒளிக்கும் அசையாமல் இருக்கலாம். உடலில் ஓர் அசைவும் இராது. மூளைச்சாவு என்று உறவினர்கள் நம்பிக்கையை விட்டுவிடுவது இந்த நேரத்தில்தான். செயலிழந்திருப்பது தசை, நச்சு மூளையைத் தொடவில்லை. மயக்க மருந்து கொடுக்காவிட்டால் அவருக்கு எல்லாம் கேட்கும், ஊசி குத்தினால் வலிக்கும். அதனால் கட்டிலருகே நின்று பேசும்போது, இன்று என்ன கிழமை, என்ன ஆனது, மூச்சுக்குழாய் எதற்கு என்று அவரிடமே சொல்லுங்கள்.